எங்க வீட்டு அடுப்பில் ஆப்பிரிக்கா



'நாம் எந்த நாட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்?' இதுதான் இன்னிக்குத் தலைப்பு. எனக்கு முன்னால பேசின தம்பி ஜப்பான்னு சொன்னார். அந்த அக்கா சிங்கப்பூர்னு சொன்னாங்க. நான் சொல்றது ஆப்பிரிக்கா. (சிரிப்பு)

சிரிங்க. சிரிப்பீங்கன்னு தெரிஞ்சுதான் மேடை ஏறினேன். "அது நாடில்லையேம்மா, கண்டமாச்சே"ன்னு ஐயா கேட்கிறதுக்கு முன்னாலயே சொல்லிடறேன். ஆமாங்கய்யா, 54 நாடு இருக்கிற கண்டம். ஆனா நம்ம ஊர்ல அதை நாடாவும் மதிக்கிறதில்லை, கண்டமாவும் மதிக்கிறதில்லை. கறுப்பா இருக்கிறவங்களைக் கேலி பண்ற வசவு வார்த்தையா வச்சிருக்கோம்.

எம் பொண்ணு நர்ஸுக்குப் படிச்சவ. நிறம் கறுப்பு. அவளைப் பொண்ணு பார்க்க வந்தாங்க. காப்பித் தட்டை எடுத்துக்கிட்டு வந்தா, கொடுத்தா, குடிச்சாங்க. வாசல்ல செருப்பு மாட்டும்போது அந்தம்மா கூட வந்தவங்க கிட்ட சொல்றாங்க, "படிப்பெல்லாம் சரிதான், பொண்ணு ஆப்பிரிக்காவா இருக்கே." எங்க காதுல விழுந்துச்சு. அவ காதுலயும் விழுந்துச்சு. அன்னிக்கு ராத்திரி கேட்டா, "ஏம்மா, ஆப்பிரிக்கான்னா அவ்வளவு கேவலமாம்மா?"

எனக்குப் பதில் தெரியலை. தெரிஞ்சுக்கணும்னு நூலகத்துக்குப் போனேன். ஊர் வாத்தியாரைக் கேட்டேன். மாசக்கணக்காப் படிச்சேன். முதல்ல தெரிஞ்சுக்கிட்டது என்ன தெரியுங்களா? அன்னிக்கு அவங்க குடிச்சாங்களே காப்பி, அந்தச் செடியே ஆப்பிரிக்காதான்! (பலத்த கைதட்டல்) எத்தியோப்பியா காட்டுல பிறந்து, ஏமன் நாட்டு வழியா நம்ம மலைக்கு வந்த செடி. கருப்புக் காப்பியை ரசிச்சுக் குடிச்சிட்டு, கறுப்புப் பொண்ணு வேண்டாம்னு போனாங்க.

காப்பியை விடுங்க, அது நேத்து வந்தது. ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தறோமே, அந்தக் கேவுரு எங்கே பிறந்தது? எத்தியோப்பியா, உகாண்டா மேட்டு நிலத்துல. கம்பு? சகாரா பாலைவனத்துக்குத் தெக்கால இருக்கிற வறண்ட பூமியில. மாலி நாட்டுல 4,500 வருஷத்துக்கு முந்தின கம்பு மணி மண்ணுக்குள்ள கிடைச்சிருக்கு. சோளம் சூடான் பக்கத்துல பயிரானது. காராமணி மேற்கு ஆப்பிரிக்கா. ஆமணக்கும் அந்தக் கண்டத்துக்காரிதான். எல்லாத்தையும் விட ஒண்ணு சொல்றேன், நம்ப மாட்டீங்க. புளி! 'இந்தியப் பேரீச்சை'ன்னு அராபியர்கள் பேர் வச்ச புளிக்கும் பூர்வீகம் ஆப்பிரிக்காதான்னு தாவர நூல்ல எழுதியிருக்கு.

இதெல்லாம் கடல் கடந்து இந்தியாவுக்கு வந்து ஆயிரக்கணக்கான வருஷம் ஆச்சு. யாரும் "நீ எந்த ஊரு, என்ன நிறம்"னு கேட்கலை. எங்க ஊர் பூமி எப்படின்னு சொல்றேன். திருவண்ணாமலையிலேர்ந்து செஞ்சி போற ரோட்டுல, கல்லும் கரடுமான மானாவாரிக் காடு. அந்தக் காட்டுல ரெண்டு மழைக்கும் விளையற பயிரைக் கொடுத்தது ஆப்பிரிக்காக்காரன். 100 கிராம் கேவுருல சுண்ணாம்புச் சத்து 340 மில்லிகிராமாம். அரிசியில 10 தான். எங்க பாட்டிமாருங்க எண்பது வயசுலயும் நிமிர்ந்து நடந்தாங்கன்னா, அதுல அந்தக் களிக்கும் பங்கு உண்டு. (கைதட்டல்)

"அங்கே பஞ்சம் இல்லையா, சண்டை இல்லையா?"ன்னு கேட்பீங்க. இருக்கு. நான் மறைக்கலை. ஆனா பஞ்சம் வந்தப்போ அவங்க என்ன செஞ்சாங்கன்னும் பார்க்கணும் இல்லையா?

புர்கினா பாசோன்னு ஒரு நாடு. 1980-கள்ல அங்கே கடும் வறட்சி. சனங்க ஊரைக் காலி பண்ணிட்டுப் போறாங்க. யாக்கூபா சவடோகோன்னு ஒரு விவசாயி மட்டும் போகலை. பாறை மாதிரி இறுகிக் கிடந்த நிலத்துல கோடையிலேயே குழி வெட்டினார். பெரிய குழி இல்லைங்க, ஒரு சாண் அகலக் குழி. அவங்க பாட்டன் காலத்து முறைதான். இவர் அதை இன்னும் அகலமா, ஆழமா வெட்டி, உள்ளே சாணி எருவைப் போட்டார். எருவுக்குக் கரையான் வந்துச்சு. கரையான் மண்ணைத் துளைச்சுப் பொலபொலன்னு ஆக்கிடுச்சு. மழை பெய்தா தண்ணி ஓடாம குழியிலேயே நின்னுச்சு. அதுல கம்பும் சோளமும் விதைச்சார், விளைஞ்சுது. கூடவே மரமும் வளர்த்தார். ஊரே "பைத்தியக்காரன்"னு சொல்லிச்சு. அவர் வளர்த்த காட்டுக்கே தீ வச்சாங்க. மறுபடியும் வளர்த்தார். 60 ஏக்கருக்கு மேல காடாச்சு! 2018-ல 'மாற்று நோபல்'னு சொல்ற பரிசைக் கொடுத்தாங்க. 2023-ல காலமாயிட்டார். காடு அவர் பேரைச் சொல்லிக்கிட்டிருக்கு.

எங்க பக்கம் ஆயிரம் அடி போர் போட்டும் காத்துதான் வருது. கடன் வாங்கி பூமியைத் துளைக்கிற நமக்கு, மம்முட்டியை வச்சு மழையைப் பிடிச்ச அந்த மனுஷன் வாத்தியார் இல்லையா? (கைதட்டல்)

அப்படியும் நாம ஏன் மட்டமா நினைக்கிறோம்? அவங்க பெருமையை நமக்கு யாரும் சொல்லலை. ஜிம்பாப்வேயில ஒரு கல்கோட்டை இருக்கு. சுண்ணாம்பு, சாந்து எதுவும் இல்லாம, கல்லு மேல கல்லா அடுக்கி, 30 அடிக்கு மேல உசந்து நிற்கிற மதில். அந்த மண்ணோட சனங்க 11-ம் நூற்றாண்டிலேர்ந்து கட்டினது. வெள்ளைக்காரங்க பார்த்துட்டு, "கறுப்பர்கள் கட்டியிருக்க முடியாது, வெளியிலேர்ந்து வந்தவங்கதான் கட்டியிருக்கணும்"னு எழுதினாங்க. 1929-ல கெர்ட்ரூட் கேட்டன் தாம்சன்னு ஒரு ஆங்கிலேய அம்மாதான் மண்ணைத் தோண்டிப் பார்த்து, "இது ஆப்பிரிக்கர்கள் கட்டினதுதான்"னு அடிச்சுச் சொன்னாங்க. 1980-ல விடுதலை வந்ததும் அந்தக் கோட்டைப் பேரையே நாட்டுக்கு வச்சுக்கிட்டாங்க. நம்ம அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரத்தைப் பார்த்து, "இது தமிழ்நாட்டுக்காரன் கட்டினதா இருக்காது"ன்னு எவனாவது சொன்னா நாம சும்மா இருப்போமா?

இன்னொண்ணு. 1860-ல மெட்ராஸ்லேர்ந்து 'ட்ரூரோ'ங்கிற கப்பல் 342 பேரோட தென்னாப்பிரிக்காவுக்குப் போச்சு. கரும்புத் தோட்டக் கூலிக்கு. 1911 வரைக்கும் போன இந்தியர்கள் ஒண்ணரை லட்சத்துக்கும் மேல. வட ஆற்காடு ஜில்லா சனங்க அதுல நிறைய. 1989-ல நம்ம மாவட்டம் பிரிஞ்சதே அந்த ஜில்லாவிலேர்ந்துதான். அங்கே அவங்களைக் கூலியா வாட்டின தோட்ட முதலாளி கறுப்பர் இல்லைங்க. அவனுக்குக் கறுப்பரும் மட்டம், நம்ம ஆளும் மட்டம். அந்த மண்ணுல பிறந்த தில்லையாடி வள்ளியம்மை பதினாறு வயசுல, 1914-ல, சிறையில வந்த காய்ச்சலோட உயிரை விட்டாங்களே, அது எதுக்கு? மனுஷனை நிறம் பார்த்துப் பிரிக்கிற சட்டத்தை எதிர்த்துத்தானே? அந்தச் சட்டத்தை இங்கே நம்ம வீட்டுக் கூடத்துல நாமே எழுதி வச்சிக்கலாமா? (பலத்த கைதட்டல்)

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்துல ரெண்டு நாள் புள்ளைங்களுக்குக் கேவுரு அடையோ கம்மங்கூழோ கொடுங்க. கொடுக்கும்போது, இது எங்கேர்ந்து வந்ததுன்னு ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்க. நாளைக்கு அந்தப் புள்ளை, கூடப் படிக்கிற கறுப்புப் புள்ளையை "ஆப்பிரிக்கா"ன்னு கூப்பிட்டா, அது மரியாதையாக் கூப்பிடறதா இருக்கட்டும்.

விவசாயிங்க ஒரு ஏக்கர் மல்லாட்டை போட்டா, அரை ஏக்கர் கேவுரு போடுங்க. தண்ணி இல்லாத காலத்துக்கு அதுதான் துணை.

ஜப்பான் நமக்கு மிஷினைக் கத்துக் கொடுக்கட்டும். காஞ்ச பூமியில கௌரவமாப் பொழைக்கிறதை ஆப்பிரிக்காகிட்ட கத்துக்குவோம்.