அளவு நாடாவுக்கு ஜாதி உண்டா?

(கோவில்பட்டியில் தையல் தொழிலாளர்கள் மத்தியில் பேசியதன் சுருக்கம்)



தையலைப் பற்றி நம்மைப் பேசச் சொன்னீர்கள். நாம் பெரிய படிப்புப் படித்தவரல்ல. ஆனால் இளமையில் ஆறு வருஷகாலம் ஒரு தையற்கடையில் காஜா எடுத்தும், பட்டன் வைத்தும், பிறகு மிஷின் மிதித்தும் பிழைத்ததுண்டு. ஆதலால் பிறருக்குத் துணி தைப்பதிலுள்ள சுகத்தையும் கஷ்டத்தையும் இன்னொருவர் சொல்லி நாம் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இந்தக் கரிசல் பூமி கருங்கண்ணிப் பருத்தி விளைந்த பூமி. விதைத்தவன், களை பறித்தவள், மில்லில் நூற்றவன், தறியில் நெய்தவன் ஆகிய இத்தனை பேருடைய பாடும் கடைசியில் தையற்காரனுடைய கத்திரிக்கு முன்னால் வந்து கிடக்கின்றது. அவன் ஒரு விரற்கடை தப்பி வெட்டினால் அவ்வளவும் பாழ். வெட்டிய துணியை ஒட்டவைக்க எந்த மந்திரமும் கிடையாது. தலைவிதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியாது.

அளவெடுப்பது மாத்திரம் லேசான காரியமா? ஒருவருக்கு ஒரு தோள் இறக்கமாயிருக்கும். ஒருவருக்கு முதுகு கூனியிருக்கும். அதை அவர் மனம் நோகாமல் கண்டுகொண்டு, வெளியே தெரியாமல் தைக்க வேண்டும். நூல் துணியை நனைத்துக் காயப்போடாமல் வெட்டினால் முதல் சலவையிலேயே சுருங்கிவிடும். வளரும் பிள்ளையின் சட்டைக்கு உள்ளே இரண்டு அங்குலம் மடித்துத் தைத்தால் அடுத்த வருஷம் பிரித்துவிடலாம். ஏழைத் தகப்பனுக்கு ஒரு சட்டைச் செலவு மிச்சம். தைத்ததைப் போட்டுக்கொண்டு, கையைத் தூக்கி இறக்கி, கண்ணாடியில் திரும்பிப் பார்த்து ஒருவர் தமக்குள் சிரித்துக்கொள்ளுகிறாரே, அதுதான் தையற்காரனுக்குக் கூலிக்கு மேல் கூலி.

தோழர்களே! அளவு நாடாவில் அங்குலம் இருக்கிறதே ஒழிய ஜாதி இருக்கின்றதா? மேல்ஜாதிக்காரன் மார்பு முப்பத்தாறு அங்குலமானால் கீழ்ஜாதி என்று சொல்லப்படுகிறவன் மார்பும் முப்பத்தாறு அங்குலந்தான். அப்படியிருந்தும் நாம் வேலை பார்த்த கடையில் நடந்ததைக் கேளுங்கள். சேரியிலிருந்து ஒரு பெரியவர் தம் மகள் கல்யாணத்துக்குச் சட்டை தைக்க வந்தார். முதலாளி அவரைத் தெருவிலேயே நிறுத்தி, தொடாமல், கண்ணாலேயே மதிப்புப் போட்டு நமக்கு அளவு சொன்னார். சட்டை கழுத்தில் பிடித்தது, கையில் தொங்கிற்று. பழியைப் பெரியவர் உடம்பின்மேல் போட்டார் முதலாளி. ஆனால் கூலிப் பணத்தை மாத்திரம் கை நீட்டித் தொட்டு வாங்கிக்கொண்டார்! நாமும் அன்று வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை.

உடுப்பு என்பது வெறும் துணியல்ல, மானம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் பெரும் பகுதி அன்று தெற்குத் திருவிதாங்கூராக இருந்தது. அங்கே நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளுவதற்கே பல பத்து வருஷங்கள் அடிபட்டுப் போராட வேண்டியிருந்தது. தைத்த குப்பாயம் போட்டதற்காகத் தெருவில் அதைக் கிழித்தெறிந்தார்கள். 1859 ஜூலையில் ராஜா விளம்பரம் போட்டு அனுமதித்தபோதுகூட, மேல்ஜாதிப் பெண்களைப் போல் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது. ஒரு ரவிக்கைக்கு இவ்வளவு விலை கொடுத்திருக்கிறார்கள் நம்முடைய பெண்கள். அதைத் தைக்கிற கை எவ்வளவு பெருமையுள்ள கை என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தக் கைக்குரிய மிஷினுக்கு நாம் செய்வதென்ன? ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் அப்புகிறோம். மிஷின் கேட்பது எண்ணெய். நாம் கொடுப்பது பொட்டு! ஊசிமுனையில் கண் வைத்த மிஷினுக்கு 1846-ல் காப்புரிமை வாங்கிய ஹோவும், 1851-ல் அதைத் திருத்திப் பரப்பிய சிங்கரும் மனிதர்களே ஒழிய அவதாரங்களல்ல. செவ்வாய்க்கிழமை புதுத்துணி வெட்டினால் ஆகாது என்கிறவர்களைக் கேட்கிறோம்: செவ்வாய்க்கிழமை வெட்டிய சட்டை எது, புதன்கிழமை வெட்டியது எது என்று பார்த்துச் சொல்ல எந்த ஜோசியனாலாவது முடியுமா?

இன்னொன்று. ஓட்டப்பிடாரம் பக்கத்தில் புதியம்புத்தூரில் ரெடிமேட் உடுப்புத் தைத்து வெளியூர்களுக்கு அனுப்புகிறார்கள். பெண்களுக்கு இலவசத் தையல் மிஷின் கொடுக்கும் சர்க்கார் திட்டமும் இருக்கின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சீருடையைப் பெண்கள் கூட்டுறவுச் சங்கங்கள் தைக்கின்றன. எல்லாம் சந்தோஷமே. ஆனால் மிஷின் அவள் பேரில் இருந்து, கூலி புருஷன் கையில் போனால் அது விடுதலையாகுமா? சமையலுக்குப் பிறகு இன்னொரு வேலையாகத்தானே ஆகும்? அவள் தைக்கிற ஆண் சட்டைக்கெல்லாம் பை வைக்கிறாள்; அவள் ரவிக்கைக்குப் பை இல்லை. பணம் அவளிடம் இருக்கப்போவதில்லை என்று தீர்மானித்தவர்கள் செய்த ஏற்பாடு இதுவென்றே நமக்குத் தோன்றுகிறது.

ஆகவே தோழர்களே, மூன்று காரியங்கள் கேட்டுக்கொள்ளுகிறோம். யார் வந்தாலும் தொட்டு அளவெடுங்கள். தைக்கக் கொடுப்பவர்கள் தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி வரை கண்விழிக்கச் செய்துவிட்டுக் கூலியில் பேரம் பேசாமல், பேசியதை அன்றே கொடுங்கள். பெண் தைத்த கூலி பெண் கையிலேயே சேரட்டும்.

ஊருக்கெல்லாம் மானம் தைக்கிறவன் தன் மானத்தைக் கிழிய விடலாமா? யோசித்துப் பாருங்கள். நாம் சொல்வது சரியென்று பட்டால் நாளைக்குக் கடை திறந்ததும் செய்யுங்கள்.