பிளேனர் அலகு தீட்டுதல்: கூரும் சரிவும்

(ஸ்ட்ரெதமில் நடந்த சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய பேச்சின் எழுத்துவடிவம்)



மேடையில் பேசிப் பழக்கமில்லாதவன் நான். க.பொ.த. உயர்தரத்தோடு படிப்பை விட்டு, இங்கே வந்து மரத் தொழிற்சாலையில் மெசினோடு நிற்கிறவன். "உமக்குத் தெரிந்த வேலையைச் சொல்லும்" என்று சங்கத்தார் கேட்டபடியால் வந்திருக்கிறன்.

எங்கட பெடியளில் பலர் ஏஜென்சி மூலம் கதவு, யன்னல், அலுமாரி செய்கிற இடங்களுக்குப் போகிறார்கள். அங்கே பலகையின் முகத்தை மட்டமாக்குவது பிளேனர். நிமிடத்துக்குச் சுமார் 5000 தடவை சுற்றுகிற உருளையொன்றில் இரண்டு, மூன்று அலகுகள் பூட்டியிருக்கும். பலகையைக் கையால்தான் தள்ளவேணும். மொட்டை அலகு மரத்தை வெட்டாது, பின்னுக்கு உதைக்கும். ஆள் இன்னும் பலம் போட்டு அமத்துவார். அந்த நேரம் பலகை விலகினால் கை எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கோ.

ஆகவே தீட்டவேணும். ஆனால் கூர் வேறு, சரிவு வேறு. பெருவிரலால் தடவிப் பார்த்துக் கூர் என்று சொல்லுகிற அலகும் மெசினில் வெட்டாமல் நிற்கும். காரணம், வெட்டுகிற முனைக்குப் பின்னால் இடைவெளி இருக்கவேணும். கைச்சீவுளியில் அலகு சாதாரணமாக 45 பாகையில் படுத்திருக்கும். 30 பாகையில் தீட்டினால் பின்னுக்கு 15 பாகை மிச்சம். ஊரிலே தச்சர்மார் கோணமானி இல்லாமல் கல்லில் கையாலே தீட்டி, பனையின் கறுப்பு வைரத்தையே சீவுவார்கள். அது வருடக்கணக்கான கைப்பழக்கம். எங்களைப் போன்றவர்கள் சும்மா பிடித்துத் தேய்த்தால் கை ஆடி, சரிவு முட்டையோடுபோல உருண்டுவிடும். உருண்டால் பின்னிடைவெளி போச்சு. மெசினில் அலகு நிற்கிற சாய்வை உருளை தீர்மானிக்கிறது, அதை நாங்கள் மாற்றேலாது. சரிவின் பின்பக்கம் மரத்தில் உரசும், சூடேறும், பலகை கருகும்.

சரி, எத்தனை பாகை? அனேகமான பிளேனர் அலகுகள் 35 முதல் 40 பாகைக்குள் இருக்கும். மெசினோடு வந்த புத்தகத்தில் போட்டிருப்பதே கணக்கு. அதை அளக்க ஒரு அடிமட்டம் போதும். அலகின் தடிப்பைச் சரிவின் அகலத்தால் பிரித்தால் வருவது கோணத்தின் சைன். பள்ளிக்கூடத்தில் படித்த அதே சைன்தான், அன்றைக்கு இது எதற்கு என்று எல்லோரும் கேட்டோமே! 3 மில்லிமீற்றர் தடிப்பான அலகில் சரிவு 6 மில்லிமீற்றர் என்றால் 30 பாகை. 5.2 என்றால் 35. 4.7 என்றால் 40. அகலம் குறையக் குறைய முனை தடித்துக்கொண்டு போகிறது. கூடிப்போனால் முனை மெலிந்து, கணு வந்த இடத்தில் உடையும்.

கை ஆடாமல் இருக்க ஒரு மரக்கட்டை. அடிப்பக்கம் மட்டமான வைரக்கட்டையில், அடியிலிருந்து அதே பாகையில், எதிரெதிர்ப் பக்கமாக இரண்டு வாள்வெட்டு. அவற்றுக்குள் இரண்டு அலகையும் செருகி இறுக்கினால் வீட்டுக்கூரையின் இரண்டு பக்கம்போல நிற்கும், கீழே சரிவுகள் தரையில் படியும். தடித்த கண்ணாடியில் சாண்ட் பேப்பரை ஒட்டி, தண்ணீர் தொட்டுத் தேய்க்கவேணும். முதலில் 240, பிறகு 600, கடைசியில் 1200. தொடங்கமுன் சரிவில் மார்க்கர் மையைப் பூசுங்கோ. இரண்டு தடவை தேய்த்ததும் மை எங்கே போயிருக்கிறது என்று பாருங்கோ. முழுதும் சீராகப் போனால் கோணம் சரி. ஓரத்தில் மட்டும் போனால் கட்டையைத் திருத்தவேணும். முடிவில் எழும்புகிற பிசிறை எடுக்க, அலகின் தட்டைப் பக்கத்தைக் கல்லில் படுக்கவைத்து மெதுவாக இழுத்தால் போதும். அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கப்படாது.

பெரிய உடைவு இருந்தால் கையால் மினக்கெட வேண்டாம், சாணைக் கடைக்கு அனுப்புங்கோ. ஒரு அலகில் குறைத்த அளவு மற்றவற்றிலும் குறையவேணும். சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்க்கலாம், நிறை சமமில்லாவிட்டால் உருளை அதிரும்.

பூட்டுகிறபோது மின்சாரத்தை நிறுத்தி, சுவிச்சைப் பூட்டிவிட்டுத்தான் கை வைக்கவேணும். உருளையை மரஆப்பால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கோ. இந்த நாட்டில் கையால் தள்ளுகிற மெசினுக்குரிய உருளைகளில் அலகு 1.1 மில்லிமீற்றருக்கு மேல் வெளியே நிற்கக்கூடாது. ஒரு அலகு தலைமுடியளவு உயர்ந்தாலும் அது மட்டுமே வெட்டும், மற்றவை சும்மா சுற்றும். பிறகு ஆணிகளை இன்னொருதரம் இறுக்கி, முதல் ஓட்டத்தில் பக்கத்தில் ஒதுங்கி நில்லுங்கோ.

ஒன்று சொல்ல மறக்கக்கூடாது. பழக்கித் தராமல் இந்த மெசினில் உங்களை நிறுத்த முதலாளிக்கு உரிமையில்லை. 1998ஆம் ஆண்டின் வேலைக் கருவிகள் சட்டவிதி அப்படித்தான் சொல்லுது. ஏஜென்சி ஆளுக்கும் அதே விதிதான். "பழகாமல் செய்யமாட்டன்" என்று சொல்ல எங்களுக்கு ஆங்கிலம் போதாது என்று நினைக்க வேண்டாம். "நோ ட்ரெயினிங்" என்றாலே அவர்களுக்கு விளங்கும்.

நான் செய்த கட்டையை அந்த மேசையில் வைத்திருக்கிறன். எழுந்து வந்து பாருங்கோ. அலகில் மட்டும் பிள்ளைகளைத் தொட விடாதேங்கோ.