ரிப்பன் மாளிகையை வகுப்பறைக்குக் கொண்டு வருவோம்

(திருப்புட்குழியில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த ஊர்ப் பிள்ளைகளிடம் திருப்புட்குழி என்று ஏன் பெயர் வந்தது என்று கேட்டுப் பாருங்கள். சடாயுவுக்கு இராமர் ஈமக்கடன் செய்த இடம், புள் என்றால் பறவை என்று உடனே சொல்வார்கள். கோயிலின் கதை அவர்களுக்குத் தெரியும். ஆனால், அரசு அலுவலகக் கட்டடம் ஒன்றின் கதை தெரியுமா?

ஒருமுறை ஏழாம் வகுப்பில் உள்ளாட்சிப் பாடம் நடத்தும்போது, "அலுவலகம் யாருடையது?" என்று கேட்டேன். "ஆபீசருடையது சார்" என்றான் ஒரு மாணவன். தறி நெய்யும் அவன் அப்பா, ஒரு சான்றிதழுக்காக வேலையை விட்டுவிட்டு இரண்டு நாள் வாசலில் காத்திருந்ததை அவன் பார்த்திருக்கிறான். அவன் சொன்னதைத் தவறு என்று திருத்த எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பதிலை மாற்றுவதற்காகத்தான் சென்னை ரிப்பன் மாளிகையின் வரலாற்றை வகுப்புக்கு எடுத்துச் சென்றேன்.

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகில் வெள்ளை நிறத்தில் நிற்கிறதே, அதுதான் ரிப்பன் மாளிகை. சென்னை மாநகராட்சி 1688-இல் தொடங்கியது. ஆனால் இந்தக் கட்டடத்துக்கு 1909 டிசம்பரில்தான் மின்டோ பிரபு அடிக்கல் நாட்டினார். ஹாரிஸ் வடிவமைத்தார், லோகநாத முதலியார் கட்டினார். செங்கல், சுண்ணாம்பு, தேக்கு உத்திரம். செலவு சுமார் ஏழரை லட்சம் ரூபாய். 1913-இல் திறப்பு விழா நடந்தது. அதற்கு முன் மாநகராட்சி அலுவலகம் எர்ரபாலு செட்டித் தெருவில் இருந்தது.

கட்டடத்துக்கு ஏன் ரிப்பன் பிரபுவின் பெயர்? 1880 முதல் 1884 வரை வைசிராயாக இருந்த அவர், 1882-இல் உள்ளாட்சித் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு அவர் அமைத்த ஹண்டர் கல்விக் குழு, தொடக்கக் கல்வியை உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்கப் பரிந்துரைத்தது. நகராட்சிப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி என்று நாம் சொல்கிறோமே, அதன் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது.

மாளிகையின் முன் சர் பிட்டி தியாகராயரின் சிலை நிற்கிறது. நம் காஞ்சிபுரத்துப் பிள்ளைகளிடம் அவரைப் பற்றித் தவறாமல் சொல்லுங்கள். அவரும் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-இல், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு வழங்க மன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்குத் திட்டம் விரிந்தது. மாணவர் வருகை கூடியது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிட ஆங்கிலேய அரசு இசையவில்லை; 1925-இல் திட்டம் நின்றது. பிறகு காமராசர் காலத்தில் மாநிலம் முழுவதும் மதிய உணவு வந்தது. 1982-இல் சத்துணவு ஆனது. 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. இதை நான் சொல்லி முடித்ததும் வகுப்பு அமைதியானது. தங்கள் தட்டில் விழும் சோற்றுக்கும் அந்த வெள்ளைக் கட்டடத்துக்கும் தொடர்பு இருப்பது பிள்ளைகளுக்குப் புரிந்தது.

கட்டடத்தின் பெருமையை மட்டும் சொல்லி நிறுத்திவிடக் கூடாது. உள்ளே யாருக்கு இடம் இருந்தது என்பதையும் கேட்க வேண்டும். நம் மாவட்டத்து உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலக் கல்வெட்டு குடவோலைத் தேர்தலின் விதிகளைச் சொல்கிறது. கணக்குக் காட்டாதவர் மீண்டும் போட்டியிட முடியாது என்ற விதியைப் போற்றுகிறோம். சொந்த நிலம் இல்லாதவருக்கு அங்கே இடம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ரிப்பன் மாளிகையிலும் தொடக்கத்தில் சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே வாக்கு. 1957-இல்தான் தாரா செரியன் முதல் பெண் மேயர் ஆனார். பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு பெண், பிரியா, மேயர் நாற்காலியில் அமர 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். சென்னைக்கு அழைத்துச் செல்ல இயலாவிட்டால் பரவாயில்லை. உங்கள் ஊராட்சி அலுவலகத்துக்கோ, 2021-இல் மாநகராட்சியான காஞ்சிபுரத்தின் அலுவலகத்துக்கோ முன் அனுமதி பெற்று ஒரு நாள் அழைத்துச் செல்லுங்கள். மூன்று கேள்விகளை எழுதிக் கொடுங்கள்: இது எப்போது கட்டப்பட்டது? யார் பணத்தில் கட்டப்பட்டது? இங்கே எடுத்த எந்த முடிவு நம் தெருவை மாற்றியது?

நான் அப்படி அழைத்துச் சென்ற நாளில், அந்த மாணவன் வாசலில் தயங்கி நின்றான். "உள்ளே போலாமா சார்?" என்று கேட்டான். "வாப்பா, இது நம்ம ஆபீஸ்" என்றேன். செருப்பைக் கழற்றப் போனவனைத் தடுத்து உள்ளே அழைத்துப் போனேன். நாளை அவன் தன் அப்பாவுக்காக ஒரு மனு எழுதிக்கொண்டு அதே வாசலில் தயங்காமல் நுழைந்தால், நம் உள்ளாட்சிப் பாடம் நடந்து முடிந்தது என்று பொருள்.