புறம்போக்கும் பல்கலைக்கழகமும்

(தில்லியில் தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

காலநிலை மாற்றம் பற்றிய வகுப்பு என்று அறிவிக்கப்பட்டதும் ஒரு தோழர் என்னிடம் கேட்டார்: “விலைவாசி, வேலையின்மை, தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் என்று எத்தனையோ இருக்க, பல்கலைக்கழக வளாகத்து மரங்களைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும்?” நியாயமான கேள்வி. இவ்வுரை முழுவதையும் அதற்கான விடையாகவே அமைத்துக்கொள்கிறேன்.

2025 மார்ச் 30, உகாதித் திருநாள். ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய காஞ்சா கச்சிபௌலி என்னும் 400 ஏக்கர் நிலத்தில் மண் அள்ளும் இயந்திரங்கள் நுழைந்தன. அந்நிலத்தைத் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு ஏலம் விடுவது தெலங்கானா அரசின் திட்டம். தடுக்க முயன்ற மாணவர்களைக் காவல்துறை வேனில் ஏற்றிச் சென்றது. இரவிலும் விளக்கொளியில் மரங்கள் சாய்க்கப்பட்டன. ஏப்ரல் 3 அன்று உச்சநீதிமன்றம் தானாக முன்வந்து தடை விதித்தது. அதே நாளில் நேரில் சென்று பார்த்த உயர்நீதிமன்றப் பதிவாளரின் அறிக்கையின்படி, ஏறத்தாழ 100 ஏக்கர் பசுமை அதற்குள் அழிந்துவிட்டது. மயில்களும் மான்களும் அங்கு இருந்ததையும் அவ்வறிக்கை பதிவு செய்தது.

அந்நாள்களில் ஐதராபாத்திலிருந்து வந்த அறிக்கைகளைத் தமிழாக்கும் பணி எனக்கு. ஆங்கிலத்தில் “பயன்பாட்டில் இல்லாத நிலம்” என்ற பொருளில் ஓரிடம் வந்தது. முதல் வரைவில் நான் “தரிசு நிலம்” என்று எழுதிவிட்டேன். பின்னர் வருவாய்ப் பதிவேட்டில் அந்நிலத்துக்கு இருக்கும் பெயரைப் பார்த்தேன்: “காஞ்சா அஸ்தபல் போரம்போக் சர்க்காரி.” காஞ்சா என்றால் மேய்ச்சல் நிலம், அஸ்தபல் என்றால் குதிரை லாயம். போரம்போக் என்பது நம்முடைய புறம்போக்கே. வரி விதிப்புக்குப் புறம்பாக வைக்கப்பட்ட நிலம். ஏரி, மேய்க்கால், இடுகாடு, பாதை என ஊரார் அனைவருக்கும் பொதுவாக இருந்தது. அரசுக்கு வருவாய் தராததால் அது “வீண் நிலம்” ஆயிற்று. இன்று அச்சொல்லை மனிதர்களை ஏசவும் பயன்படுத்துகிறோம். நில உடைமையின் கண்ணோட்டம் மொழிக்குள் எவ்வளவு ஆழமாகப் புகுந்திருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். இடதுசாரி ஏட்டுக்கு மொழிபெயர்க்கும் நானே ஆமையும் மானும் மயிலும் வாழும் காட்டைத் தரிசு என்று எழுதினேன். அந்த வரைவை அடித்துத் திருத்தினேன்.

தொல்காப்பியம் கருப்பொருள்களைச் சொல்லும்போது உணவு, விலங்கு, மரம், புள் ஆகியவற்றோடு தொழிலையும் ஒரே வரிசையில் வைக்கிறது. மனிதரின் உழைப்பு நிலத்துக்கு வெளியே நிற்பதில்லை என்ற புரிதல் அதில் உண்டு. காடுகளை அழித்து விளைநிலம் தேடிய சமூகங்கள் பின்னர் ஈரத்தையே இழந்ததைக் காட்டி, இயற்கையை வென்றதாக மகிழ வேண்டாம் என்று ஏங்கெல்ஸ் எச்சரித்தார். ஒரு சமூகம் முழுவதும் சேர்ந்தாலும் பூமிக்கு உடைமையாளர் ஆகாது. அடுத்த தலைமுறைக்கு மேம்படுத்தி ஒப்படைக்க வேண்டிய பொறுப்பாளர் மட்டுமே என்று மார்க்ஸ் மூலதனத்தின் மூன்றாம் தொகுதியில் எழுதினார்.

அப்பல்கலைக்கழகமே ஒரு போராட்டத்தின் விளைவு. 1969 தெலங்கானா கிளர்ச்சிக்குப் பின் வந்த ஆறு அம்சத் திட்டத்தின்படி 1974இல் அது தொடங்கப்பட்டது. சுமார் 2,300 ஏக்கர் அதற்கென ஒதுக்கப்பட்டது. அந்த 400 ஏக்கர் சட்டப்படி யாருடையது என்ற வழக்கில் மாநில அரசு வென்றிருக்கலாம். உடைமை யாருடையது என்பது ஒரு கேள்வி. பயன் யாருக்கு என்பது மற்றொரு கேள்வி. கண்ணாடிக் கட்டடங்கள் சூழ்ந்த மேற்கு ஐதராபாத்தில் வெப்பத்தைத் தணித்து மழைநீரை மண்ணுக்குள் அனுப்பும் பெரும்பரப்பு அது. கூரைகளுக்கு வெப்பம் எதிரொளிக்கும் பூச்சு பூசுவதற்காக 2023இல் தனிக்கொள்கை அறிவித்த மாநிலம் தெலங்கானா. கூரைக்கு வெள்ளைப் பூச்சு, காட்டுக்குப் புல்டோசர் என்பது எந்தக் கொள்கையிலும் பொருந்தாது.

ஆகவே, ஒரு பல்கலைக்கழகம் காலநிலைக்குச் செய்யக்கூடிய முதல் உதவி தன் நிலத்தைக் காப்பதே. மேலைநாடுகளில் இவ்விவாதம் வேறு வடிவில் நடந்தது. அங்குள்ள பல்கலைக்கழகங்களிடம் பெரும் முதலீட்டு நிதிகள் உண்டு. நிலக்கரி, எண்ணெய் நிறுவனங்களிலிருந்து அந்நிதியை விலக்கக் கோரி மாணவர்கள் போராடினர். 2014இல் கிளாஸ்கோ, 2020இல் கலிஃபோர்னியா, 2021இல் ஹார்வர்டு எனப் பல பல்கலைக்கழகங்கள் இணங்கின. நம் அரசுப் பல்கலைக்கழகங்களிடம் அத்தகைய நிதி இல்லை. நிலமும் கூரையும் உழைப்பாளர்களும் மாணவர்களும் இருக்கிறார்கள். நமது திட்டம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, மின்சாரம். நாட்டின் மின் உற்பத்தியில் ஏறத்தாழ 70 விழுக்காடு நிலக்கரியிலிருந்து வருகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 700 கிராம் அளவில் கரியமில வாயு வெளியேறுகிறது. பழைய மின்விசிறி ஒன்றுக்கு 75 வாட் தேவை. புதிய வகை விசிறிக்கு 30 வாட் போதும். விடுதியில் 1,000 விசிறிகளை மாற்றினால், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்ற கணக்கில், 540 யூனிட் மிச்சமாகும். கூரையில் ஒரு கிலோவாட் சூரியத் தகடுக்கு ஏறத்தாழ 10 சதுர மீட்டர் இடம் வேண்டும். அது நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். ஒரு மெகாவாட் நிறுவினால் ஆண்டுக்குச் சுமார் 1,000 டன் கரியமில வாயு குறையும். குளிரூட்டியின் அளவை ஒரு பாகை உயர்த்தினாலே அதன் மின்செலவில் ஏறத்தாழ 6 விழுக்காடு குறையும். துணைவேந்தர் அறையிலும் கருத்தரங்கக் கூடத்திலும் இதைத் தொடங்கலாம். விசிறியும் சரியாகச் சுழலாத விடுதி அறையிடம் சிக்கனம் போதிப்பது நகைப்புக்குரியது.

மூன்றாவது கேள்வி, பணம் யார் தருவது? நம் தனித்த பங்களிப்பு இங்குதான் தேவை. முன்பு கட்டடங்களுக்கு மானியம் வந்தது. இப்போது உயர்கல்வி நிதியுதவி முகமை என்ற அமைப்பு கடன் தருகிறது. பல நிறுவனங்கள் அக்கடனில் ஒரு பகுதியைத் தம் சொந்த வருவாயிலிருந்து திருப்பிச் செலுத்த வேண்டும். சொந்த வருவாய் என்பது பெரும்பாலும் மாணவர் கட்டணமே. பசுமைக் கட்டடம் கடனில் எழுந்து, அதற்கான தவணை ஒரு தலித் மாணவியின் விடுதிக் கட்டணத்தில் ஏறுமானால், அதை நாம் ஆதரிக்க இயலாது. கூரையைத் தனியார் நிறுவனத்துக்கு இருபத்தைந்து ஆண்டு ஒப்பந்தத்தில் ஒப்படைக்கும் முறையையும் கவனமாக ஆராய வேண்டும். பொதுநிதியில் பொதுக்கூரை, பொது மின்சாரம் என்பதே நம் நிலைப்பாடாக இருக்க வேண்டும்.

நான்காவது, உழைப்பாளர். வளாகத்தைப் பசுமையாக வைத்திருப்பவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். குப்பையைப் பிரிப்பவர்கள் தூய்மைப் பணியாளர்கள். உணவுக்கழிவைக் கையாள்பவர்கள் விடுதிச் சமையல் தொழிலாளர்கள். இவர்களுள் பெரும்பாலோர் ஒப்பந்த ஊழியர்கள். சாண எரிவாயுக் கலன் போன்றதே உணவுக்கழிவு எரிவாயுக் கலனும். அதை வைத்துச் சமையல் எரிவாயுச் செலவைக் குறைக்கலாம். ஆனால் அதை இயக்குபவருக்கு நிரந்தர வேலை இல்லையென்றால், திறப்பு விழாப் புகைப்படத்தோடு அக்கலன் துருப்பிடிக்கும். மே மாத வெயிலில் நண்பகலில் வேலை நிறுத்தம், நிழல், குடிநீர் ஆகியவையும் காலநிலைக் கோரிக்கைகளே.

தோழர்களே, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருகிறேன். கச்சிபௌலியில் மரங்களும் வேலைகளும் எதிரெதிர் அணியில் நிறுத்தப்பட்டன. ஏலம் நடந்தால் வேலைவாய்ப்பு பெருகும் என்றார்கள். அந்த வாதத்துக்கு நம்முள்ளும் சிலர் முதலில் மயங்கினோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. வேலைவாய்ப்பு தேவை, அதற்கு வேறு நிலம் உண்டு. ஆமையும் மயிலும் வாழும் நிலத்தை விற்றுப் பெறும் பணம் ஒரு நிதியாண்டில் தீர்ந்துவிடும். அந்நிலத்தைக் காத்தவர்கள் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். பெருமளவில் உதவித்தொகையில் படிக்கும் மாணவர்கள். வகுப்பைப் புறக்கணித்து, தடியடியைத் தாங்கி நின்றார்கள்.

தத்தம் பகுதிக்குத் திரும்பியதும் மூன்று பணிகளை மேற்கொள்ளுங்கள். அருகிலுள்ள பல்கலைக்கழகத்தின் நில ஆவணங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே கேளுங்கள். ஆண்டு மின்கட்டணத்தையும் அவ்வாறே கேளுங்கள். மாணவர் அமைப்பையும் ஒப்பந்தத் தொழிலாளர் சங்கத்தையும் ஒரே மேசையில் அமர்த்தி, அவ்விரு ஆவணங்களையும் அவர்கள் முன் வையுங்கள். கோரிக்கைகளை அவர்களே எழுதுவார்கள். அவற்றைத் தமிழாக்கும் பொறுப்பு என்னுடையது. இம்முறை தரிசு என்ற சொல் அதில் இடம்பெறாது.