குரல் துண்டுகளுக்கு ஒரு வாயோலை

(உத்திரமேரூர் வட்டார ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாடநூலின் கியூஆர் குறியீட்டில் வரும் பாட்டை நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். சொந்த ஊர்க் குரல் ஒன்று ஒலித்தாலோ, கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காருகிறது. அதனால்தான் உங்களில் பலர் கைப்பேசியில் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறீர்கள். பதிவது எளிது. பதிந்ததைக் கணினியில் ஏற்றிக் காப்பாற்றுவதில்தான் சிக்கல்.

பக்கத்து ஒன்றியத்துப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பாட்டியின் நடவுப்பாட்டைப் பதிந்து வந்தார்கள். ஆசிரியை அதை ஆடாசிட்டியில் வெட்டி ஒட்டித் தொகுத்தார். கூட்டத்தில் போட்டுக்காட்டப் பென் டிரைவில் எடுத்துப்போனது ஏயுபி கோப்பு மட்டும். திறந்தால் ஒலி இல்லை. இதற்கிடையில் பள்ளிக் கணினியை யாரோ ஃபார்மேட் செய்துவிட்டார்கள். கைப்பேசியில் இருந்ததையும் இடம் போதாமல் அழித்தாயிற்று. திரும்பப் போய்ப் பாடச் சொல்லலாமென்றால், பாட்டி அந்த ஐப்பசியிலேயே காலமாகியிருந்தார்.

நடந்தது இதுதான். பழைய ஆடாசிட்டியில் ஏயுபி கோப்பு வெறும் குறிப்பேடு. எந்தத் துண்டு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று மட்டும் சொல்லும். ஒலி பக்கத்திலுள்ள ‘டேட்டா’ கோப்புறையில் கிடக்கும். 2021இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து இரண்டும் ஒரே கோப்பு. அப்போதும் அது கைப்பேசியில் ஒலிக்காது. எம்பி3 ஆகவோ வேவ் ஆகவோ ஏற்றுமதி செய்தாக வேண்டும். வேறு பல இசை மென்பொருள்களில் ‘இம்போர்ட்’ கொடுத்தால் ஒலி உள்ளே வருவதில்லை. துண்டு இருக்கும் முகவரியைத்தான் குறித்துக்கொள்கின்றன. துண்டை இடம் மாற்றினால் தடம் ஊமையாகிவிடும். ஆகவே முதலில் எல்லாத் துண்டுகளையும் ஒரே கோப்புறைக்குள் கொண்டுவாருங்கள், பிறகு இறக்குங்கள்.

வாட்ஸ்அப் குரல் செய்தி வேண்டாம். அது ஒலியை மிகவும் சுருக்கிவிடும். கைப்பேசியின் ரெக்கார்டரில் பதிந்து, கேபிள் வழியே மாற்றுங்கள். எம்4ஏ கோப்பு திறக்க மறுத்தால், விண்டோஸ் கணினியில் எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருளை நிறுவ வேண்டும். பேச்சுக்கு மோனோ போதும். வேவ் வடிவில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 எம்பி ஆகும்.

இனி, பெயர். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் காட்டப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறோம். தேர்தலைச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். எனக்கு அதில் பிடித்தது வேறு. 30 குடும்புகளின் ஓலைகளையும் ஒரே குவியலாகக் கொட்டவில்லை. குடும்புவாரியாகக் கட்டி, ஒவ்வொரு கட்டுக்கும் அடையாளமாக ஒரு வாயோலை பூட்டினார்கள். நம் கோப்புகளோ ‘நியூ ரெக்கார்டிங் 14’, ‘நியூ ரெக்கார்டிங் 15’ என்று கிடக்கின்றன! தேதி, ஊர், வகுப்பு, பொருள் என்ற வரிசையில் பெயரிடுங்கள். ‘2024-10-05-சாலவாக்கம்-7-நடவு’ என்றால் பத்தாண்டு கழித்து வருகிறவருக்கும் விளங்கும். பிள்ளைகளின் பெயரைக் கோப்பில் எழுத வேண்டாம். பாடியவரிடமும் பெற்றோரிடமும் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

வெட்டுவதற்கு முன் மூலத் துண்டை வேறோர் இடத்தில் படியெடுத்து வையுங்கள். அந்தப் படியில் கை வைக்கவே கூடாது.

இப்போது ஆய்வகத்துக்குப் போவோம். கேபிள் கொண்டுவந்தவர்கள் முன்வரிசையில் உட்காருங்கள். ஆளுக்கொரு துண்டை இறக்கிப் பெயரிட்டுப் பார்ப்போம்.