சீட்டுக் கிளப்பும் லயத்து வீடும்

(கோலசிலாங்கூர் வட்டாரக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பளத்தையும் போனஸையும் பற்றிப் பேசவேண்டிய மேடையில் சீட்டாட்டத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று சிலர் முகம் சுளிக்கலாம். சூது கூடாது என்று நீதிபோதனை செய்ய நாம் வரவில்லை. அதைத் தருமராஜா கதையாகக் கோயில் திடலில் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று; கேட்டவர்களில் சிலர் அன்றிரவே சீட்டுக் கட்டைப் பிரித்ததும் உண்டு. நாம் பேச வந்தது சட்டத்தைப் பற்றி. அந்தச் சட்டத்தில் யார் தலைமேல் பாரம் விழுகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தெரியாத காரணத்தாலேயே ஏழையின் தலைமேல் விழுகிறது.

ஈஜோக், புக்கிட் ரோத்தான், பழைய பத்தாங் பெர்ஜுந்தையாகிய பெஸ்தாரி ஜெயா, வடக்கே ராசா, கெர்லிங், காலும்பாங் என்று எங்கே பார்த்தாலும் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆள் குறைந்து, லயங்களில் விளக்கெரியாத வீடுகள் உண்டு. டவுனிலிருந்து ஒருவன் காரில் வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். "அண்ணே, சனிக்கிழமை ராத்திரி மட்டும் உங்கள் வீட்டுக் கூடத்தைக் கொடுங்கள். போக்கர் ஆட்டந்தான். வெளியாள் வரமாட்டான், எல்லாரும் கிளப் உறுப்பினர்கள். இது திறமை ஆட்டம், சூது இல்லை. ராத்திரிக்கு இருநூறு வெள்ளி" என்கிறான். இருநூறு வெள்ளி சின்னத் தொகையா? பிள்ளையின் பள்ளி பஸ் கட்டணம் நினைவுக்கு வருகிறது. தலை தானாக ஆடிவிடுகிறது.

அவன் சொன்னது எதுவும் கோர்ட்டில் நிற்காது, தோழர்களே.

நம் நாட்டில் 1953-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டம் இருக்கிறது. குற்றப்பத்திரிகையில் மலாயில் "அக்தா ரூமா ஜூடி தெர்புக்கா" என்றிருக்கும். "தெர்புக்கா" என்றால் திறந்தது என்று பொருள். ஆகவே கதவைச் சாத்திக்கொண்டால் தப்பலாம் என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். சட்டமோ பொதுமக்கள் வந்து போகும் இடத்தை மட்டும் குறிப்பிடவில்லை. பொதுமக்களில் ஒரு வகுப்பார் வரக்கூடிய இடமும், வெளியார் வந்தாலும் வராவிட்டாலும் வழக்கமாகச் சூதாட வைத்திருக்கும் இடமும் அதில் அடங்கும். உறுப்பினர் அட்டை அடித்துக் கொடுப்பது அச்சுக் கூடத்துக்காரனுக்குத்தான் லாபம்.

திறமை ஆட்டம் என்ற பேச்சைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் படித்த கிராணிமார் வாயிலிருந்தும் அது வருகிறது. இது இந்தியாவிலிருந்து வந்த பேச்சு. செகந்திராபாத்தில் ஓர் உறுப்பினர் கிளப்பில் ரம்மி ஆடியதற்காக வழக்கு நடந்து, 1967-ல் இந்திய உச்ச நீதிமன்றம், ரம்மியில் திறமையே மேலோங்கி நிற்கிறது என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில் மூன்று சீட்டு ஆட்டம் வெறும் அதிர்ஷ்டம் என்றும், கிளப் நடத்துபவர் ஆட்டத்திலிருந்து லாபம் அடித்தால் குற்றமாகலாம் என்றும் சொல்லியிருப்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டங்கள் என்றது. பிறகு 2025-ல் இந்திய நாடாளுமன்றமே, திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் போட்டது. அது அந்த நாட்டு விவகாரம். நம் சட்டத்தில் சூதாட்டம் என்றால் அதிர்ஷ்ட ஆட்டம், அல்லது அதிர்ஷ்டமும் திறமையும் கலந்த ஆட்டம், இவற்றில் எதையாவது பணத்துக்கோ பணமதிப்புள்ள பொருளுக்கோ ஆடுவது. "கலந்த" என்ற அந்த ஒரு சொல் போதும். எவ்வளவு கெட்டிக்காரன் ஆடினாலும் கையில் எந்தச் சீட்டு வந்து விழும் என்பது அவன் கையில் இல்லையே!

இங்கே ஒரு தோழர் கேட்கலாம்: "பத்தாங் காலியிலிருந்து மலைப்பாதையில் ஏறினால் கெந்திங்கில் ராத்திரி பகலாக ஆடுகிறார்களே, அங்கே போலீஸ் போகவில்லையே?" நியாயமான கேள்வி. 1969-ல் அரசாங்கம் அதற்கு உரிமம் கொடுத்தது. உரிமம் இருப்பதால் அது குற்றமில்லை. இன்னும் பின்னே போனால், 1912-ஆம் ஆண்டு முடியும்வரை சிலாங்கூர் உள்ளிட்ட கூட்டு மலாய் மாநிலங்களில் சூதாட்ட உரிமையை வெள்ளைக்கார அரசாங்கமே குத்தகைக்கு விட்டுப் பணம் பார்த்தது. சூதைப் பற்றி அரசாங்கங்களுக்கு ஒரே மனசு எப்போதும் இருந்ததில்லை. ஆனால் நம் லயத்துக்கு யாரும் உரிமம் தரப்போவதில்லை.

இனித் தண்டனைக்கு வருவோம். ஆடியவனுக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இடத்தை நடத்தியவனுக்கு, குறைந்தது 5,000 வெள்ளி, கூடினால் 50,000 வெள்ளி அபராதம், அத்துடன் 3 ஆண்டு வரை சிறை. நடத்தியவன் என்றவுடன் காரில் வந்தவன் என்று நினைக்கிறோம். தன் குடியிருப்பை இதற்கு விட்டுக் கொடுத்தவனும் அந்தப் பிரிவில்தான் வருகிறான். இடத்தைக் கவனித்துக் கொள்பவனும், நடத்துவதற்கு எந்த விதத்திலாவது உதவி செய்பவனும் அதில் வருகிறார்கள். முச்சந்தியில் மோட்டார் சைக்கிளோடு நின்று, போலீஸ் வண்டி வந்தால் கைப்பேசியில் சொல்ல ஒரு பையனுக்கு ஐம்பது வெள்ளி கொடுக்கிறார்களே, அவன் ஒரு சீட்டைக்கூடத் தொட்டிருக்கமாட்டான். ஆயிரக்கணக்கில் வைத்து ஆடியவனைவிடப் பெரிய குற்றச்சாட்டு அவன்மேல் வரலாம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அபராதத்தின் அடிமட்டத் தொகையே ஏறக்குறைய மூன்று மாதச் சம்பளம். காரில் வந்தவன் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. வீட்டில் குடியிருப்பவர் பெயர் தோட்ட ஆபீஸ் புத்தகத்தில் இருக்கிறது.

வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. போலீசார் நுழையும்போது அங்கே இருந்தவனும், அங்கிருந்து ஓடியவனும் ஆடியதாகவே சட்டம் அனுமானிக்கும். ஆடவில்லை என்று காட்டவேண்டிய பொறுப்பு அவனுடையது. கோப்பி கொண்டுபோய்க் கொடுக்க வந்தேன் என்பதை யாரை வைத்து நிரூபிப்பது?

கிராணிமார் நண்பர்களுக்குத் தனியாக ஒன்று. நாங்களும் கிராணிகள்தாம், ஆகவே கூச்சமில்லாமல் சொல்கிறோம். சங்கச் சந்தா, கோயில் திருவிழாப் பணம், சம்பள நாளன்று உரை, இப்படிப் பிறர் பணம் நம் கையில் புழங்குகிறது. "திங்கட்கிழமை வைத்துவிடலாம்" என்று எடுத்து ஆடினால், விவகாரம் சூதாட்டச் சட்டத்தோடு நிற்காது. நம்பிக்கை மோசடி செய்யும் கிராணிக்கும் வேலையாளுக்குமென்றே தண்டனைச் சட்டத் தொகுப்பில் 408-ஆம் பிரிவு இருக்கிறது: 1 ஆண்டுக்குக் குறையாமல் 14 ஆண்டு வரை சிறை, பிரம்படி, அபராதமும் உண்டு. பணத்தைத் திருப்பி வைத்துவிட்டேன் என்பதால் குற்றம் அழிந்துவிடாது.

தோற்ற கடனைப் பற்றியும் தெரிந்து கொள்ளுங்கள். 1956-ஆம் ஆண்டின் சிவில் சட்டம் 26-ஆம் பிரிவின்படி சூதாட்ட ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்த பணத்தைக் கேட்டு யாரும் கோர்ட்டில் வழக்குப் போட முடியாது. இது தெரிந்துதான் அவர்கள் கோர்ட்டுக்குப் போவதில்லை. ஆலோங்கை அழைத்து வருகிறார்கள். மேசையருகிலேயே கடன் கொடுத்து, பேங்கு கார்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் ஈடில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. உரிமமில்லாமல் வட்டிக்கு விடுவது தனிக் குற்றம். அதற்கு அபராதம் 250,000 வெள்ளியில் தொடங்குகிறது. மிரட்டல் வந்தால் போலீசில் புகார் கொடுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் கிளைக் காரியதரிசியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அகப்பட்டுவிட்டால் என்ன செய்வது? எதற்காகப் பிடித்தார்கள் என்று கேட்க உரிமை உண்டு. உறவினருக்கும் வக்கீலுக்கும் செய்தி சொல்ல உரிமை உண்டு. 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். இந்த வகைக் குற்றத்தில் முதலில் 4 நாள், பிறகு 3 நாள் வரை தடுத்து வைக்க உத்தரவு கிடைக்கலாம். அந்த நேரத்தில் மலேசியக் குடிமக்களுக்குக் கட்டணமின்றி வக்கீல் தரத் தேசிய சட்ட உதவி அறநிறுவனம் இருக்கிறது. வக்கீல் வேண்டும் என்று வாய் திறந்து கேட்கவேண்டும்.

வீட்டிலிருக்கும் தாய்மார்கள் ஒன்றை மறக்கக்கூடாது. ஆள் லாக்கப்பில் இருக்கும்போது பிரட்டில் பெயர் கூப்பிடுவார்கள். விடுப்பும் இல்லாமல், தகுந்த காரணமும் தெரிவிக்காமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராவிட்டால், ஒப்பந்தத்தை முறித்ததாக 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் கருதும். ஆகவே மறுநாள் காலையிலேயே ஆபீசுக்கு எழுத்தில் தெரிவித்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு "காய்ச்சல்" என்று எழுதவேண்டாம். அது பின்னால் பொய்யென்று திரும்பி வரும்.

ஒழுங்கீனம் என்று சொல்லி நிர்வாகம் வேலையை விட்டு நிறுத்தவேண்டுமானால் முறையான விசாரணை நடத்தவேண்டும். விசாரணைக்காக நிறுத்தி வைத்தால் அது இரண்டு வாரத்துக்கு மேல் போகக்கூடாது; அந்த நாட்களுக்குப் பாதிச் சம்பளம் உண்டு; குற்றமில்லை என்றானால் மீதியும் வரவேண்டும். விசாரணைக்குச் சங்கப் பிரதிநிதி இல்லாமல் போகாதீர்கள். மானேஜர் நீட்டும் காகிதத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ராஜினாமாக் கடிதமாக இருக்கலாம். வேலை போனால் வீடும் போகும், வீடு தோட்டத்துடையது. நீக்கியது அநியாயம் என்றால் நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுக்கவேண்டும். 61-ஆம் நாள் அழுதுகொண்டு வந்தால் சங்கத்தாலும் ஒன்றும் செய்ய இயலாது.

மனுப் படிவங்கள் கிளைக் காரியதரிசியிடம் இருக்கின்றன. தனியாகக் கேட்கவேண்டிய விஷயம் இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் அவரைப் பாருங்கள். பெயர் வெளியே வராது.