நம்ம அறையை நாமே கட்டலாமா?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



காலையில் வரவு செலவு வாசித்து முடித்தாச்சு. சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிடத் தீர்மானம் வருது. கூட்டமைப்புக்கு ஒரு சின்ன அறை, பதினைந்துக்குப் பத்து அடி. பீரோவும் பதிவேடுகளும் வைக்க வேண்டும், பத்துப் பேர் உட்கார வேண்டும், அவ்வளவுதான். செயற்குழுவில் பாதிப்பேர் கான்ட்ராக்டில் விட்டுவிடலாம் என்றார்கள். மீதிப்பேர் நாமே கட்டலாம், கல்லூரியிலும் பாலிடெக்னிக்கிலும் படிக்கிற நம்ம பிள்ளைகளையும் லீவில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்போது ஒரு அக்கா, "படிக்கிற புள்ளைக்குக் கலவைச் சட்டி தூக்கத் தெரியுமா?" என்று கேட்டாங்க. எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் அது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை. அதனால்தான் இன்றைக்கு இதைப் பேச வந்தோம்.

முதலில் தூரத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா என்று ஒரு மாநிலம். அதில் ஹேல் என்ற மாவட்டம். அமெரிக்கா என்றதும் மாடமாளிகை என்று நினைத்துவிடாதீங்க. அந்தப் பக்கத்துக்கே 'கறுப்பு வட்டாரம்' என்றுதான் பேர். மண் கறுப்பு, நம்ம கரிசல் மாதிரியே. மழை பெய்தால் உப்பும், வெயில் அடித்தால் வெடிக்கும். அந்த மண்ணில் பருத்திதான் விளைந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வந்த மக்களையும் அவர்கள் பிள்ளைகளையும் அடிமையாக வைத்து வேலை வாங்கின காடு அது. அடிமைமுறை போன பிறகும் வாரத்துக்கு உழுது கடனில் கிடந்தார்கள். தண்ணீர்க் குழாய் இல்லாத, கூரை ஒழுகுகிற குடிசைகள் 1990களிலும் அங்கே இருந்தன.

1993இல் ஆபர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாமுவேல் மாக்பீ, டி.கே. ரூத் என்ற இரண்டு ஆசிரியர்கள், கட்டிடக்கலை படிக்கிற மாணவர்களை அந்த மாவட்டத்துக்கே கூட்டிக்கொண்டு போய்த் தங்க வைத்தார்கள். 'ரூரல் ஸ்டுடியோ' என்று அதற்குப் பெயர். காகிதத்தில் வரைந்து மார்க் வாங்கினால் போதாது, வரைந்ததை உன் கையால் கட்டிக் காட்டு என்பதுதான் பாடம். ஆணும் பெண்ணும் ஒன்றாகத்தான் வேலை பார்த்தார்கள்.

அவர்கள் கட்டின முதல் வீடு 1994இல் முடிந்தது. பேரப்பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு ஓட்டைக் குடிசையில் இருந்த ஒரு வயதான தம்பதிக்கு. சுவர் எதில் தெரியுமா? வைக்கோல் கட்டில்! கட்டுகளை நனையாமல் பிளாஸ்டிக்கில் சுற்றி, செங்கல் மாதிரி அடுக்கி, கம்பியால் இறுக்கி, மேலே பூச்சு பூசிவிட்டார்கள். வெயில், குளிர் இரண்டையும் வைக்கோல் தடுக்கும். நம்ம ஊரில் படப்பு வைத்திருக்கிற யாரையும் கேளுங்க, உள்ளே கையை விட்டால் என்ன கதகதப்பு என்று சொல்வாங்க. வீட்டுக்கு முன்னால் நீளமாக ஒரு திண்ணை. அந்தப் பெரியவர்கள் பொழுதெல்லாம் அங்கேதான், அக்கம்பக்கத்து ஆட்கள் வந்து உட்கார்ந்து பேசுவதும் அங்கேதான். பின்னால் பேரப்பிள்ளைகள் படுக்க வளைவு வளைவாகச் சின்ன அறைகள்.

பக்கத்திலேயே மீனைப் புகை போட்டுப் பதப்படுத்த ஒரு குட்டி அறையும் எழுந்தது. உடைத்துப் போட்ட கான்கிரீட் துண்டுகளை அடுக்கிச் சுவர். இடையிடையே கலர் பாட்டில்களைப் பதித்திருக்கிறார்கள். வெளியில் வெயில் அடிக்கும்போது உள்ளே பச்சையும் நீலமுமாக வெளிச்சம் விழும். அடுத்தடுத்த வருஷங்களில் பழைய டயரில் மண்ணை இடித்து நிரப்பி ஒரு சின்ன ஜெபக்கூடம், பழைய காரின் முன்கண்ணாடி எண்பதை வைத்து ஒரு சமுதாயக்கூடம் என்று கட்டிக்கொண்டே போனார்கள். மாக்பீ 2001இல் ரத்தப் புற்றுநோயால் இறந்துவிட்டார். ஆனால் வேலை நிற்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். டயரும் கண்ணாடியும் போட்டோவில் அழகாக இருக்கின்றன. ஆனால் வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஏழை வீட்டில் சோதனை செய்து பார்த்தார்களோ என்ற உறுத்தலும் எங்களுக்கு உண்டு. எங்களுக்குப் பிடித்தது அவர்கள் 2005இல் தொடங்கிய வேறொரு வேலை. இருபதாயிரம் டாலரில் ஒரு வீடு. பொருளுக்குப் பன்னிரண்டாயிரம், கூலிக்கும் மேஸ்திரி லாபத்துக்கும் எட்டாயிரம். ஏன் அந்தத் தொகை? முதியோர் பென்ஷனில் வாழ்கிற ஒருவரால் மாதாமாதம் கட்ட முடிந்த கடன் அவ்வளவுதான். வீட்டை முதலில் வரைந்துவிட்டுக் கடனைத் தேடவில்லை. திருப்பிக் கட்ட முடிகிற தவணையிலிருந்து வீட்டுக்கு வந்தார்கள். வருஷத்துக்கு ஒரு மாதிரி கட்டிப் பார்த்தார்கள். பிறகு பொருள் விலை ஏறிவிட்டது, அந்தக் காசுக்கு இப்போது முடியாது. இன்னொன்றும் கேளுங்க. அவ்வளவு சின்ன வீட்டுக்கடனைக் கொடுக்க அங்கே உள்ள வங்கிகளுக்கு மனம் இல்லை. கடன் சிறிசானாலும் எழுத்து வேலை அதேதான், லாபம் குறைவு. 1992க்கு முன்னால், வங்கி இணைப்பெல்லாம் வராத காலத்தில், நம்ம ஊர் வங்கி வாசலில் இதே பதிலைக் கேட்டவங்க இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கீங்க.

இனி எங்கள் கதை. கொஞ்சம் வெட்கக்கேடுதான். சமூகப்பணி படித்தபோது பத்து நாள் கிராம முகாம் போனோம். ஊருக்கு வெளியே ஒரு காலனி. பெண்கள் அடிபம்புப் பக்கத்தில் சேலையை மறைப்பாகக் கட்டிக் குளித்தார்கள். விடியும் முன்னே எழுந்தால்தான் குளியல். நாங்கள் பதின்மூன்று பேர் ராத்திரி உட்கார்ந்து பேசி, ஒரு குளியலறை கட்டிக் கொடுப்பது என்று முடிவு பண்ணினோம். யாரிடமும் கேட்கவில்லை. கொடுக்கிறோம்தானே, எதற்குக் கேட்க வேண்டும் என்ற நினைப்பு.

செங்கலை நனைக்காமல் வைத்தோம். காய்ந்த செங்கல் கலவைத் தண்ணீரை உறிஞ்சிவிடும், சிமெண்ட் பிடிக்காது என்று தெரியாது. ஒரே நாளில் தோள் உயரம் ஏற்றினோம். அடுத்த நாள் காலையில் பார்த்தால் சுவர் வயிறு தள்ளி நிற்கிறது. காலனியில் ஒரு ஆயா, சித்தாள் வேலை பார்க்கிறவங்க, வந்து சுற்றிப் பார்த்தாங்க. ஒரே ஒரு செங்கலைக் கையால் ஆட்டினாங்க, பல் மாதிரி ஆடியது. "பிரிங்க தாயி, எல்லாத்தையும் பிரிங்க" என்றாங்க. எங்களில் இரண்டு பேர் அழுதே விட்டோம்.

பிறகு அவங்கதான் கட்டினாங்க, நாங்கள் சட்டி தூக்கினோம். மூலைமட்டம் இல்லை. கயிற்றில் ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி முடிச்சுப் போட்டு, குறுக்கே சரியாக அஞ்சடி வந்தால் மூலை நேர் என்று காட்டினாங்க. கணக்குப் பாடத்தில் நாங்கள் மனப்பாடம் செய்த அதே கணக்கு! செங்கலைத் தொட்டியில் போட்டு, குமிழி நின்ற பிறகு எடுத்தாங்க. கட்டின சுவருக்குத் தினமும் காலையும் சாயங்காலமும் தண்ணீர் ஊற்றச் சொன்னாங்க. எல்லாவற்றுக்கும் மேலாகக் கதவு. நாங்கள் ரோட்டைப் பார்த்து வைத்திருந்தோம், நடந்து போக வசதி என்று. "ஈரச்சேலையோட வெளிய வர்ற பொம்பளைய ரோடு பூரா பாக்கவா?" என்று ஒரு கேள்விதான் கேட்டாங்க. கதவு பின்பக்கம் போனது. தண்ணீர் போகிற வாய்க்காலும் அவங்க சொல்லித்தான் வெட்டினோம்.

"ஆயா, கொத்தனார் வேலை எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டோம். "முப்பது வருஷமாப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். கரண்டியத்தான் எவனும் கையில குடுக்கல" என்றாங்க.

அதை இன்றுவரை மறக்க முடியவில்லை. நம்ம கூட்டமைப்பில் கட்டிட வேலைக்குப் போகிறவங்க எத்தனை பேர் என்று கையைத் தூக்கச் சொன்னால் இந்த மண்டபத்தில் கால்வாசிக் கை எழும்பும். கல் சுமந்து, மண் சுமந்து, கலவை போட்டு, சாரம் ஏறி இறங்கி, கடைசி வரைக்கும் சித்தாள். கூலி கொத்தனாருக்கு ஏறக்குறைய பாதி. கூட வேலைக்கு வந்த பையன் நாலைந்து வருஷத்தில் கொத்தனார் ஆகிவிடுகிறான். (1994இலேயே கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்தாச்சு. இன்னும் பதியாதவங்க இருந்தா இன்றைக்கே எங்களிடம் பேர் கொடுங்க.)

கான்ட்ராக்டில் விட்டால் அறை வேகமாக முடியும், அதை மறுக்கவில்லை. கரிசலில் வாணம் ஆழமாகத் தோண்டி மணல் போட வேண்டும், மேலே கான்கிரீட் போட வேண்டும். இந்த இரண்டுக்கும் அனுபவமுள்ள கொத்தனாரும் ஒரு இன்ஜினியரும் கட்டாயம் தேவை. அலபாமாவிலும் மாணவர்களைத் தனியாக விட்டுவிடவில்லை, ஆசிரியரும் பொறியாளரும் கூட நின்றார்கள். ஆனால் நடுவில் இருக்கிற சுவர் வேலை, பூச்சு வேலை, தரை இவற்றில் நம்ம சித்தாள் அக்காக்கள் கரண்டி பிடிக்கட்டும், கல்லூரிப் பிள்ளைகள் சட்டி தூக்கட்டும் என்பது எங்கள் கருத்து. சுவர் கொஞ்சம் கோணினால் பிரித்துக் கட்டுவோம். நாங்கள் பிரித்திருக்கிறோம். அக்காக்களுக்குக் கொத்தனார் கூலியே போட வேண்டும் என்பதையும் தீர்மானத்தில் எழுதச் சொல்லியிருக்கிறோம். இதில் சிலருக்குச் சம்மதம் இல்லை என்று தெரியும், மதியம் எழுந்து பேசுங்க.

எப்படி முடிவானாலும் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு இடத்தை அளக்கப் போகிறோம். கயிறும் முளைக்குச்சியும் நாங்கள் கொண்டு வருகிறோம். கதவு எந்தப் பக்கம் வைக்கலாம் என்று மட்டும் நீங்கள் யோசித்துக்கொண்டு வாங்க.